வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள குழந்தைகளின் மனநலமும் நடத்தையும்: உதவி பெறும் வழிகள்

பெற்றோரின் பராமரிப்பை இழந்த குழந்தை ஒன்று உங்கள் வீட்டிற்கு வந்துள்ளது. உணவு, உடை, பள்ளி ஆகிய அனைத்தையும் நீங்கள் ஏற்பாடு செய்துவிட்டீர்கள். எனினும் குழந்தை இரவில் உறங்குவதில்லை. சோற்றை எடுத்துத் தலையணைக்கு அடியில் மறைத்து வைக்கிறது. சிறிய கண்டிப்புக்கும் பொருட்களை உடைக்கிறது. அல்லது எதற்குமே அழாமல் அமைதியாக ஒதுங்கி இருக்கிறது. ‘நாம் எங்கே தவறு செய்தோம்?’ என்ற கேள்வி உங்களுக்கு எழுவது இயல்பு.

இத்தகைய நடத்தைகள் பெரும்பாலும் உங்கள் வீட்டிற்கு வருவதற்கு முன் குழந்தை அனுபவித்த இழப்பு, புறக்கணிப்பு, வன்முறை ஆகியவற்றின் விளைவுகள். உரிய நேரத்தில் உதவி கிடைத்தால் இவை குறையும். உதவி கிடைக்காதபோது வளர்ப்புக் குடும்பம் சோர்வடைந்து குழந்தையைத் திருப்பி அனுப்பும் நிலை ஏற்படுகிறது. ஒருமுறை வீட்டை இழந்த குழந்தைக்கு இது மீண்டும் ஓர் இழப்பாகும். தமிழ்நாட்டில் எந்த உதவியை, எங்கு, எவ்வாறு பெறலாம் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

வளர்ப்புப் பராமரிப்பு என்றால் என்ன?

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன் 44-ஆம் பிரிவின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை, அதன் பெற்றோர் அல்லாத தகுதியான ஒரு குடும்பத்தில் குறுகிய காலத்திற்கோ நீண்ட காலத்திற்கோ குழந்தைகள் நலக்குழு ஆணையின் மூலம் ஒப்படைக்கலாம். இதுவே வளர்ப்புப் பராமரிப்பு. இது தத்தெடுப்பு அன்று. வளர்ப்புப் பெற்றோர் குழந்தையின் சட்டப்படியான பெற்றோர் ஆவதில்லை. எனினும், குழந்தையின் கல்வி, உடல்நலம், ஊட்டச்சத்து ஆகியவற்றிற்கு அவர்களே பொறுப்பு என அதே பிரிவு கூறுகிறது. மனநலமும் இந்த உடல்நலப் பொறுப்பில் அடங்கும்.

உடன்பிறந்த குழந்தைகளை ஒரே குடும்பத்தில் வைக்க இயன்ற முயற்சிகள் அனைத்தும் மேற்கொள்ளப்பட வேண்டும் என்பதும் சட்டத்தின் நிபந்தனை. பிரிக்கப்பட்ட அண்ணனையோ தங்கையையோ எண்ணி ஏங்கும் குழந்தைக்கு, அந்தத் தொடர்பை மீட்டுத் தருவதே பல நேரங்களில் முதல் மருந்தாக அமையும். இதற்காக நீங்கள் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் கோரிக்கை வைக்கலாம்.

பெற்றோரை இழந்து தாத்தா, பாட்டி, சித்தி, மாமா ஆகியோரின் வீடுகளில் வளரும் குழந்தைகளுக்கும் இப்பக்கத்தில் உள்ள மனநல ஆலோசனைகள் பொருந்தும்.

நடத்தைக்குப் பின்னால் இருப்பது என்ன?

நீண்ட காலம் அச்சத்தில் வாழ்ந்த குழந்தையின் உடல், ஆபத்து இல்லாத இடத்திலும் ஆபத்தை எதிர்பார்த்தே இயங்குகிறது. உரத்த குரல், கதவு அடிக்கும் ஓசை, மது வாடை, குறிப்பிட்ட ஒரு சொல் ஆகியவை பழைய நிகழ்வை நினைவூட்டலாம். அந்த நொடியில் குழந்தை சண்டையிடும், ஓடும் அல்லது உறைந்து நிற்கும். இது திட்டமிட்ட பிடிவாதம் அன்று. தன்னைக் காத்துக்கொள்ள உடல் கற்றுக்கொண்ட பழக்கம்.

பெரியவர்கள் குழப்பத்துடன் பார்க்கும் சில நடத்தைகளும் அவற்றின் சாத்தியமான காரணங்களும்:

• உணவை மறைத்து வைத்தல்: அடுத்த வேளை உணவு கிடைக்குமா என்ற ஐயத்துடன் வாழ்ந்த அனுபவம்.
• பொய் கூறுதல்: உண்மை கூறியபோது கடும் தண்டனை பெற்ற அனுபவம்.
• புதியவர்களிடமும் உடனே ஒட்டிக்கொள்ளுதல்: நிலையான ஒரு பராமரிப்பாளரிடம் பற்று கொள்ளும் வாய்ப்பு சிறுவயதில் கிடைக்காமை.
• அன்பு காட்டும்போது விலகுதல் அல்லது சினம் கொள்ளுதல்: இவர்களும் தன்னை விட்டுச் சென்றுவிடுவார்களோ என்ற அச்சம்.
• வயதுக்குக் குறைவான நடத்தை: விரல் சூப்புதல், மழலையாகப் பேசுதல், படுக்கையில் சிறுநீர் கழித்தல் ஆகியவை பெரும் மாற்றத்திற்குப் பின் தோன்றலாம்.
• வயதுக்கு மீறிய பொறுப்பு: தம்பி தங்கையரைத் தானே வளர்த்த குழந்தை, உங்களை நம்பி அப்பொறுப்பை விட்டுக்கொடுக்கத் தயங்கும்.

சில குழந்தைகளிடம் முதல் சில வாரங்கள் எந்தச் சிக்கலும் தென்படாது. குழந்தை மிகவும் ஒழுங்காக நடந்துகொள்ளும். பின்னர் திடீரென நடத்தை மோசமானதாகத் தோன்றும். இது பின்னடைவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இவ்வீட்டில் தன் துயரத்தை வெளிக்காட்டலாம் என்ற நம்பிக்கையின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

எப்போது உதவியை நாட வேண்டும்?

புதிய வீட்டிற்கு வரும் குழந்தைக்குப் பழகிக்கொள்ளக் காலம் தேவை. எனினும் கீழ்க்காணும் நிலைகளில் காத்திருக்காமல் மதிப்பீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்:

• உறக்கமின்மை, கொடுங்கனவு, உணவு மறுப்பு ஆகியவை சில வாரங்களாகக் குறையாமல் நீடித்தல்.
• பள்ளி செல்ல மறுத்தல், படிப்பில் திடீர் வீழ்ச்சி.
• விளையாட்டிலும் நண்பர்களிடமும் ஆர்வம் இழத்தல், காரணமின்றி அடிக்கடி அழுதல்.
• அடிக்கடி பிறரைத் தாக்குதல், விலங்குகளைத் துன்புறுத்துதல், தீ வைத்தல்.
• வீட்டைவிட்டு ஓடிப்போதல்.
• வயதுக்குப் பொருந்தாத பாலியல் பேச்சு அல்லது செயல்.
• மது, புகையிலை, கஞ்சா, பசை முகர்தல் போன்ற போதைப் பழக்கம்.
• மருத்துவக் காரணம் காணப்படாத தலைவலி, வயிற்றுவலி, மயக்கம்.
• பேச்சு, நடை, கற்றல் ஆகியவற்றில் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமை.

உடனடி உதவி தேவைப்படும் நிலைகள்:

• ‘நான் செத்துப்போகிறேன்’, ‘நான் இல்லாமல் இருந்தால் நல்லது’ எனக் கூறுதல் அல்லது எழுதி வைத்தல்.
• தன்னைத் தானே வெட்டிக்கொள்ளுதல், சுட்டுக்கொள்ளுதல்.
• இல்லாத குரல் கேட்பதாகவோ உருவம் தெரிவதாகவோ கூறுதல்.
• பிறருக்கு உயிராபத்து ஏற்படுத்தும் அளவிற்குக் கட்டுப்பாடு இழத்தல்.

இந்நிலைகளில் குழந்தையைத் தனியே விடாதீர்கள். 108 அவசர ஊர்தியை அழையுங்கள் அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிற்குச் செல்லுங்கள். எலி மருந்து, பூச்சிக்கொல்லி, மாத்திரைகள் ஆகியவற்றைப் பூட்டி வையுங்கள். குழந்தை எலி பேஸ்ட் விழுங்கியதாகச் சிறிதளவு ஐயம் இருந்தாலும், அது நலமாகத் தோன்றுகிறது எனக் காத்திருக்கக் கூடாது. முதல் ஓரிரு நாட்கள் அறிகுறியின்றிக் கடந்து, பின்னர் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

தற்கொலை எண்ணம் உள்ளதா என நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை உருவாக்காது. ‘உனக்கு உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?’ என அமைதியாகக் கேளுங்கள்; குறுக்கிடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். காவல்துறை வழக்கு வருமோ என அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லத் தயங்க வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் எனவும், வேறுவிதமாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றித் தண்டிக்கப்படக் கூடாது எனவும் கூறுகிறது.

உதவி எங்கு கிடைக்கும்?

1. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஒவ்வொரு மாவட்டத்திலும் இவ்வலகு செயல்படுகிறது. குழந்தையை உங்களிடம் ஒப்படைத்த நடைமுறையில் நீங்கள் சந்தித்த பாதுகாப்பு அலுவலர், சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர் ஆகியோர் இவ்வலகைச் சேர்ந்தவர்கள். சிக்கலை முதலில் இவர்களிடம் தெரிவியுங்கள். குழந்தையின் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் மனநலத் தேவையைச் சேர்க்குமாறு எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழியாகக் கூறியது மறக்கப்படலாம். திட்டத்தில் எழுதப்பட்டது அடுத்த ஆய்வின்போது மீண்டும் கேட்கப்படும்.

2. தொலைபேசி வழி மனநல சேவை. 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி மானஸ் சேவை 10 அக்டோபர் 2022 அன்று நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் இயங்குகிறது. குழந்தையை அழைத்துச் செல்வதற்கு முன், என்ன செய்வது என நீங்கள் மட்டும் பேசி ஆலோசனை பெறவும் இதைப் பயன்படுத்தலாம்.

3. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவரைச் சந்திக்கலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் தலைமை மருத்துவமனைக்கு வெளியேயும் குறிப்பிட்ட நாட்களில் மருத்துவம் பார்க்கின்றனர். உங்கள் பகுதிக்கு வரும் நாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அறியலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும், எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் உள்ளன.

4. மாவட்ட இடையீட்டு சேவை மையம். ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் எனப்படும் தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளின் பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் ஆகியவை கண்டறியப்படுகின்றன. பேச்சுத் தாமதம், ஆட்டிசம், செவித்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு போன்ற ஐயங்களுக்கு இம்மையத்தை அணுகுங்கள்.

5. வளரிளம் பருவத்தினருக்கான நல மையம். 10 முதல் 19 வயது வரை உள்ளோருக்கு அரசு மருத்துவமனைகளில் இம்மையங்கள் செயல்படுகின்றன. பருவ மாற்றம், மன அழுத்தம், போதைப் பழக்கம் ஆகியவை குறித்து இங்கு ஆலோசனை பெறலாம்.

6. பெங்களூரு நிம்ஹான்ஸ். இங்கு குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினருக்கான தனி மனநலத் துறை உள்ளது. சிக்கலான நிலைகளில் உங்கள் மனநல மருத்துவர் பரிந்துரைக் கடிதத்துடன் அங்கு அனுப்பலாம்.

யார் எதைச் செய்கிறார்கள்?

மனநல மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்து பரிந்துரைக்கும் தகுதி உடையவர். மருத்துவ உளவியலாளர் அறிவுத்திறன், கற்றல், உணர்ச்சி ஆகியவற்றைச் சோதனைகள் மூலம் மதிப்பிட்டு, பேச்சு வழிச் சிகிச்சை அளிப்பவர். இவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மனநலச் சமூகப் பணியாளர் குடும்பம், பள்ளி, அரசு அலுவலகங்கள் ஆகியவற்றுடன் சிகிச்சையை இணைப்பவர். ஆற்றுப்படுத்துநர் குழந்தையுடன் உரையாடி ஆதரவளிப்பவர். கடுமையான நிலையில் அவர் மட்டும் போதுமானவர் அல்லர். தனியார் ஒருவரை அணுகினால் அவருடைய தகுதியையும் பதிவு எண்ணையும் கேட்பது உங்கள் உரிமை.

முதல் சந்திப்பிற்கு முன் திரட்ட வேண்டியவை

• குழந்தைகள் நலக்குழுவின் ஒப்படைப்பு ஆணையின் நகல். குழந்தையுடன் உங்களுக்குள்ள தொடர்பை மருத்துவமனையில் மெய்ப்பிக்க இது தேவைப்படும்.
• தடுப்பூசி அட்டை, முந்தைய மருத்துவச் சீட்டுகள், தற்போது உட்கொள்ளும் மருந்துகள்.
• குழந்தைகள் இல்லத்திலிருந்து வந்திருந்தால், அங்கு பராமரிக்கப்பட்ட உடல்நலக் குறிப்புகள். இவை உங்களிடம் இல்லையெனில் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் கோருங்கள்.
• பள்ளி மதிப்பெண் அட்டை, ஆசிரியரின் குறிப்பு.
• இரண்டு வார நாட்குறிப்பு. எந்த நாளில், எந்த நேரத்தில், எதற்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன்பின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைச் சுருக்கமாக எழுதுங்கள்.

இந்நாட்குறிப்பு மிகவும் பயனுடையது. ‘எப்போதும் அடம் பிடிக்கிறான்’ என்பதைக் கொண்டு மருத்துவரால் அதிகம் அறிய இயலாது. ‘செவ்வாய், வெள்ளி மாலைகளில், வீட்டிற்கு ஆண் விருந்தினர் வந்த பின்னரே அடம் பிடிக்கிறான்’ என்ற குறிப்பு அவருக்கு வழிகாட்டும்.

குழந்தைக்கும் முன்கூட்டியே உண்மையைக் கூறுங்கள். ‘உனக்கு இரவில் பயமாக இருக்கிறது அல்லவா? அதைக் குறைக்க உதவும் மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். பார்த்துவிட்டு நாம் இருவரும் வீட்டிற்குத் திரும்பி வருவோம்’ எனக் கூறலாம். இறுதி வாக்கியத்தைத் தவறாமல் கூறுங்கள். அலுவலகம் ஒன்றிற்கு அழைத்துச் செல்லப்பட்டு, திரும்ப அழைத்து வரப்படாத அனுபவம் அக்குழந்தைக்கு இருக்கக்கூடும்.

மதிப்பீடும் சிகிச்சையும்

மருத்துவர் முதலில் உடல் காரணங்களை ஆராய்வார். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வலிப்பு நோய், பார்வை மற்றும் செவித்திறன் குறைபாடு ஆகியவை நடத்தைச் சிக்கல்போலத் தோன்றலாம். ஐந்து வயதிற்கு மேல் படுக்கையில் சிறுநீர் கழிக்கும் குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் ஆகியவை உள்ளனவா எனப் பார்க்கப்படும்.

அச்சத்தில் வாழ்ந்த குழந்தை எப்போதும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே இருப்பதால் கவனம் சிதறும். இது கவனக்குறைவு மற்றும் மிகையியக்கக் குறைபாடு போலவே தோன்றும். சில குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்து இருக்கலாம். எனவே குழந்தையின் கடந்த காலத்தை, நீங்கள் அறிந்த அளவிற்கு, மருத்துவரிடம் தனியே தெரிவியுங்கள். குழந்தையின் முன்னிலையில் அதன் பெற்றோரைப் பற்றிய செய்திகளை விவரிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பொதுவாக அளிக்கப்படும் சிகிச்சைகள்:

• பராமரிப்பாளர் பயிற்சி: நல்ல நடத்தையைக் கண்டு பாராட்டுதல், தெளிவான சிறு கட்டளைகள், அடிக்காமல் எல்லை வகுத்தல் ஆகியவை உங்களுக்குக் கற்றுத்தரப்படும். இளம் குழந்தைகளின் நடத்தைச் சிக்கலுக்கு இதுவே முதன்மைச் சிகிச்சை.
• விளையாட்டு வழிச் சிகிச்சை: சொற்களால் கூற இயலாததைக் குழந்தை பொம்மை, ஓவியம், மணல் ஆகியவற்றின் மூலம் வெளிப்படுத்துகிறது.
• பேரதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை: பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள் நடைபெறும். முதலில் அச்சத்தைத் தணிக்கும் முறைகளைக் கற்பித்து, பின்னர் நடந்ததைப் பாதுகாப்பாக எடுத்துரைக்க உதவுகிறது. பராமரிப்பாளரும் இதில் பங்கேற்க வேண்டும்.

முதல் சில அமர்வுகளுக்குப் பின் குழந்தை வழக்கத்தைவிட அமைதியின்றி இருக்கலாம். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாமல், இதை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

மருந்துகள் குறித்து

எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. தேவைப்படும்போது அது பேச்சு வழிச் சிகிச்சையுடன் இணைந்தே அளிக்கப்பட வேண்டும். மருந்து பரிந்துரைக்கப்பட்டால் பின்வரும் வினாக்களைக் கேளுங்கள்: எந்த அறிகுறிக்காக இது? எத்தனை வாரங்களில் பயன் தெரியும்? என்ன பக்கவிளைவுகளைக் கவனிக்க வேண்டும்? எப்போது மறுபரிசீலனை செய்யப்படும்?

மனச்சோர்வுக்கு அளிக்கப்படும் ஃப்ளூஆக்சிடின் போன்ற மருந்துகள் பயன் தரச் சில வாரங்கள் ஆகும். தொடக்க வாரங்களில் பதற்றமோ தற்கொலை எண்ணமோ தோன்றுகிறதா எனக் கவனிக்க வேண்டும். மெத்தில்பெனிடேட் அளிக்கப்பட்டால் பசி, எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றையும், ரிஸ்பெரிடோன் அளிக்கப்பட்டால் எடை, இரத்தச் சர்க்கரை ஆகியவற்றையும் மருத்துவர் அவ்வப்போது பரிசோதிப்பார். மருத்துவரைக் கேட்காமல் மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது. குழந்தை வேறு குடும்பத்திற்கோ இல்லத்திற்கோ மாற்றப்பட்டால் மருந்துச் சீட்டும் கையிருப்பு மருந்தும் குழந்தையுடனேயே செல்ல வேண்டும்.

மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 87-ஆம் பிரிவு 18 வயதிற்குட்பட்டோருக்குச் சிறப்புப் பாதுகாப்பு அளிக்கிறது. சேர்க்கைக்கு முன், இரு மனநல மருத்துவர்களோ, ஒரு மனநல மருத்துவரும் மற்றொரு மனநல வல்லுநர் அல்லது மருத்துவரும் சேர்ந்தோ குழந்தையைத் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தனி இடத்தில் வைக்க வேண்டும். நியமனப் பிரதிநிதியோ அவர் அமர்த்தும் உதவியாளரோ முழுக் காலமும் உடனிருக்க வேண்டும். சிறுமிக்கு நியமனப் பிரதிநிதி ஆணாக இருப்பின் பெண் உதவியாளர் உடனிருக்க வேண்டும். யாரையும் சங்கிலியால் பிணைப்பதை இச்சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது.

வளர்ப்புப் பெற்றோர் சட்டப்படியான பெற்றோர் அல்லர் என்பதால், சேர்க்கைக்கு முன் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்கும் குழந்தைகள் நலக்குழுவிற்கும் தெரிவித்து, ஒப்புதல் யாரால் அளிக்கப்பட வேண்டும் என்பதை உறுதி செய்யுங்கள். உயிராபத்து உள்ள நிலையில் முதலில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கிருந்தே தகவல் தெரிவியுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

• நாளின் ஒழுங்கை நிலையாக வையுங்கள். உணவு, குளியல், உறக்கம் ஆகியவை ஒரே நேரத்தில் நடக்கட்டும். மாற்றம் இருந்தால் முன்கூட்டியே கூறுங்கள்.
• உணவை மறைக்கும் குழந்தைக்கு, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் எனக் கூறி, வாழைப்பழமும் பொரிகடலையும் உள்ள ஒரு டப்பாவைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். தேடிப் பிடித்துக் கண்டிக்காதீர்கள். உணவு என்றும் இருக்கும் என்ற நம்பிக்கை வந்தபின் மறைப்பது குறையும்.
• படுக்கை நனைந்தால், பிறர் அறியாமல் துணியை மாற்ற உதவுங்கள். கேலி செய்வதும், துணியை வெளியே காட்டி வெட்கப்படுத்துவதும் சிக்கலை நீட்டிக்கும்.
• சினம் பொங்கும் வேளையில் அறிவுரை கூறாதீர்கள். குரலைத் தாழ்த்தி, சற்றுத் தள்ளி, கண் மட்டத்தில் அமருங்கள். அமைதியான பின்னர் பேசுங்கள்.
• அடிக்காதீர்கள். அடி வாங்கிய குழந்தைக்கு உங்கள் அடி பழைய அச்சத்தையே உறுதி செய்யும். பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்குவதும் புறக்கணிப்பதும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.
• ‘இப்படிச் செய்தால் இல்லத்திற்கே அனுப்பிவிடுவேன்’ என ஒருபோதும் மிரட்டாதீர்கள். விளையாட்டாகவும் கூறாதீர்கள்.
• உங்கள் சொந்தக் குழந்தைகளுக்கும் தனியே நேரம் ஒதுக்குங்கள். அவர்களின் மனக்குறையையும் கேளுங்கள்.

பெற்றோர் சந்திப்பும் நினைவு நாட்களும்

குழந்தைகள் நலக்குழு அனுமதித்தால், பிறந்த குடும்பத்தினர் குழந்தையைச் சந்திக்கலாம். சந்திப்பிற்கு முன்னும் பின்னும் குழந்தையின் நடத்தை மோசமாவது பரவலாகக் காணப்படுவது. இதை மட்டும் கொண்டு சந்திப்பை நிறுத்தக் கோர வேண்டாம். சந்திப்பிற்கு மறுநாளைப் பணிச்சுமையற்ற நாளாக அமைத்துக்கொள்ளுங்கள். சந்திப்பில் மிரட்டலோ துன்புறுத்தலோ நிகழ்வதாக ஐயம் இருந்தால் உடனே குழுவிடம் தெரிவியுங்கள்.

பொங்கல், தீபாவளி, அன்னையர் தினம், பெற்றோர் இறந்த நாள் ஆகியவற்றில் துயரம் கூடலாம். குழந்தையின் பெற்றோரைப் பற்றி இழிவாகப் பேசாதீர்கள். இறந்தவரின் படத்திற்கு முன் விளக்கேற்றுவது போன்ற தன் வழக்கத்தைத் தொடரக் குழந்தை விரும்பினால் இடமளியுங்கள்.

பள்ளியுடன் இணைந்து செயல்படுதல்

வகுப்பு ஆசிரியரிடமோ தலைமையாசிரியரிடமோ தேவையான அளவு மட்டும் தெரிவியுங்கள். குழந்தையின் முழு வரலாற்றையும் கூற வேண்டியதில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, இத்தகைய குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை ஊடகங்களில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. சமூக ஊடகங்களிலும் குழந்தையின் படத்தையோ கதையையோ பகிராதீர்கள்.

குடும்ப மரம் வரைதல், ‘என் அம்மா’ கட்டுரை போன்ற பாடங்கள் வரும்போது முன்னதாகத் தெரிவிக்குமாறு ஆசிரியரிடம் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மன வேதனை ஏற்படுத்துவதையும் தடை செய்கிறது. கற்றல் குறைபாடு உறுதி செய்யப்பட்டால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன்கீழ் சான்று பெற்று, தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

குழந்தை பாலியல் வன்முறை குறித்துக் கூறினால்

பாதுகாப்பாக உணரும் வீட்டில்தான் பல குழந்தைகள் முதன்முதலில் இதைக் கூறுகின்றன. அதிர்ச்சியை முகத்தில் காட்டாமல் கேளுங்கள். ‘நீ சொன்னது நல்லது. நான் உன்னை நம்புகிறேன். இது உன் தவறு அன்று’ எனக் கூறுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம். கூறியதைக் கூறியவாறே எழுதி வையுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என வாக்களிக்காதீர்கள். போக்சோ சட்டம், 2012-இன் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் குறித்து அறிந்தவர் காவல்துறையிடம் தெரிவிப்பது கட்டாயம். 1098 மூலமும் உதவி கோரலாம். சிகிச்சைக்காகவோ சான்றுக்காகவோ குழந்தையைக் குளிப்பாட்டும் முன், உடையைத் துவைக்கும் முன் மருத்துவமனையை அணுகுவது நல்லது.

உங்கள் நலமும் முக்கியம்

பிறர் துயரத்தை நாள்தோறும் சுமப்பவருக்கு உறக்கமின்மை, எரிச்சல், குற்றவுணர்வு ஆகியவை ஏற்படலாம். 14416 உங்களுக்காகவும் உள்ளது. நம்பிக்கைக்குரிய உறவினர் ஒருவர் வாரத்தில் சில மணி நேரம் பொறுப்பேற்க ஏற்பாடு செய்யுங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு வழிவகை உள்ளது. இது தடைபட்டால் மாவட்ட அலகிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள்.

‘இனி இயலாது’ என்ற எண்ணம் தோன்றினால், முடிவெடுக்கும் முன் மூன்று செயல்களைச் செய்யுங்கள்: உங்கள் சமூகப் பணியாளரை வீட்டிற்கு வருமாறு அழையுங்கள், சிகிச்சை அளிப்பவரிடம் உண்மை நிலையைக் கூறுங்கள், குழந்தைகள் நலக்குழுவிடம் கூடுதல் உதவி கோருங்கள். இவ்வாறு கூறுவது தோல்வி ஆகாது. இவற்றிற்குப் பின்னும் குழந்தை வேறிடம் செல்ல வேண்டியிருந்தால், அதைத் திடீரென நிகழ்த்தாமல், குழந்தையிடம் காரணத்தை அன்புடன் விளக்கி, விடைபெற நேரம் அளித்து, படங்களையும் விளையாட்டுப் பொருட்களையும் உடன் அனுப்புங்கள். ‘உன் தவறால் நீ செல்லவில்லை’ என்பதைக் குழந்தை உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

18 வயதை நெருங்கும்போது

குழந்தைகளுக்கான மனநலப் பிரிவிலிருந்து பெரியவர்களுக்கான பிரிவிற்கு மாறும் காலத்தில் சிகிச்சை விடுபட்டுப் போகலாம். ஓராண்டிற்கு முன்பே மருத்துவரிடமும் மாவட்ட அலகிடமும் பேசி, அடுத்து எங்கு, யாரிடம் சிகிச்சை பெறுவது என்பதை முடிவு செய்யுங்கள். மருத்துவச் சீட்டுகளின் நகல்களை இளைஞரிடமே ஒப்படையுங்கள்.

அழைக்க வேண்டிய எண்கள்

• 14416: மனநல ஆலோசனை, டெலி மானஸ் (24 மணி நேரம்)
• 1098: குழந்தைகள் உதவி எண் (24 மணி நேரம்)
• 108: அவசர மருத்துவ ஊர்தி
• 104: மருத்துவத் தகவல் மற்றும் ஆலோசனை
• 112: காவல் உள்ளிட்ட அவசர உதவி
• 14417: பள்ளிக் கல்வி உதவி எண்

நினைவில் கொள்ள வேண்டியது

குழந்தையின் முன்னேற்றம் நேர்கோட்டில் அமைவதில்லை. நல்ல மாதம் ஒன்றைத் தொடர்ந்து கடினமான வாரம் வரும். உடைந்த பொருட்களை எண்ணுவதற்கு மாறாக, உறங்கிய இரவுகளையும், தானாக வந்து கூறிய சொற்களையும் நாட்குறிப்பில் எழுதுங்கள். தலையணைக்கு அடியில் சோறு இல்லாத முதல் காலையையும் தேதியுடன் குறித்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது முதலில் அதைக் கூறுங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் குழந்தைக்குரிய சிகிச்சையை மருத்துவரின் நேரடி ஆலோசனையின்படியே மேற்கொள்ள வேண்டும்.